வெயிலைச் சேர்க்காத கணக்கு

பிள்ளைகளா, வீட்டுக்கு யார் வந்தாலும் நீங்கள் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. "எங்க அப்பா உமியிலேருந்து கரண்ட் எடுத்தவரு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பீர்கள். நான் கொடியில் கிடக்கும் துண்டை எடுக்கப் போகிறவன் போல எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவேன். அப்பாவுக்குக் கூச்சம் என்று நினைத்திருப்பீர்கள். கூச்சம் இல்லை. நீங்கள் சொல்வது பொய்யும் இல்லை. ஆனால் பாதி. மீதியை உங்கள் அத்தை ஒருநாளும் உங்களிடம் சொல்லமாட்டாள். அதனால் நானே எழுதி வைக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நான் பாய்லர் பார்த்த அரவை மில் மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகும் ரோட்டில், வாய்க்கால் ஓரமாக இருந்தது. புழுங்கல் அரிசி மில். நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அதற்குப் பிறகுதான் அரைப்பது. ஆவிக்குப் பாய்லர், பாய்லருக்குத் தீனி உமி. நெல்லிலிருந்து வருகிற உமியே நெல்லை அவித்துவிடும். மிச்ச உமியில் கொஞ்சத்தை உமிக்கொட்டகையில் பூட்டி வைப்போம்; மீதி மில்லுக்குப் பின்னால் மேடு மேடாகக் கிடக்கும். அரவை மிஷின் மட்டும் கரண்டில் ஓடியது. முதலாளி தரங்கம்பாடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். கணக்குப் பிள்ளையிலிருந்து களத்துப் பெண்கள்வரை எல்லாரிடமும் மெதுவாகத்தான் பேசுவார். என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்.

அவித்த நெல்லைக் காயவைப்பது சிமெண்டுக் களத்தில். பன்னிரண்டு பெண்கள். வெறுங்காலால் கோடு இழுத்து இழுத்து நெல்லைக் கிளறிக்கொண்டே நடப்பார்கள். அந்தப் பன்னிரண்டு பேருக்கும் தலைவி மாதிரி இருந்தவள் என் அக்கா, உங்கள் அத்தை. யாருக்குச் சண்டை என்றாலும், யாருக்கு லீவு என்றாலும் முதலாளியிடம் போய்ப் பேசுகிறவள் அவள்தான்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் களத்துப் பெண் ஒவ்வொருத்திக்கும் இரண்டு மூட்டை உமி சும்மா கிடைக்கும். சும்மா என்று நான் எழுதிவிட்டேன். அவர்கள் காதில் விழுந்தால் அடிக்க வருவார்கள். அந்த உமியை அவர்கள் போராடி வாங்கியிருந்தார்கள். நம் பக்கம் அப்போது எங்கே பார்த்தாலும் கூலிச் சண்டை. சென்னையில் கழக ஆட்சி. இங்கே ஒருபக்கம் செங்கொடி, ஒருபக்கம் மிராசுதார்கள், வரப்போரம் போலீஸ் வேன். நம் தெரு ஜனங்கள் தலைமுறையாகப் பண்ணையில் உழைத்தவர்கள். சிலருக்கு அப்போதுதான் குத்தகைப் பதிவாகிக் கையில் கொஞ்சம் நிலம் வந்திருந்தது. அந்தச் சமயத்தில்தான் களத்துப் பெண்களும் மில் கேட்டில் உட்கார்ந்தார்கள். தாசில்தார் ஆபீசில் பேச்சுவார்த்தை நடந்து, களத்து வேலை செய்கிறவர்களுக்கு வாரம் இரண்டு மூட்டை உமி என்று எழுதிக் கையெழுத்தானது. உமி அடுப்பு நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தகர டப்பாவின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கிக் குத்தி, கட்டையை உருவிவிட்டு, கீழ்த் துளையில் தீ வைக்க வேண்டும். ஒரு வேளைச் சோறும் குழம்பும் அதிலேயே முடிந்துவிடும். நானும் அந்த அடுப்புச் சோறு தின்றவன்தான்.

இனி என் கதைக்கு வருகிறேன். பாய்லர் சர்டிபிகேட்டுக்காகத் தஞ்சாவூர் போனபோது மூன்று நாள் பயிற்சி முகாம் ஒன்று நடத்தினார்கள். அங்கே ஒருவர் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். நாம் ஆவியை நேராக நெல்லுக்கு விடுகிறோம். அதற்குப் பதிலாகக் கொஞ்சம் அழுத்தம் கூட்டி முதலில் ஒரு எஞ்சினுக்கு விட்டால், எஞ்சின் சுழன்று மிஷினை ஓட்டும், கரண்டும் எடுக்கலாம். எஞ்சினை விட்டு வெளியே வரும் ஆவியில் சூடு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். அதைக் கொண்டுபோய் நெல்லை அவிக்கலாம், ட்ரையரில் காயவைக்கலாம். ஒரே நெருப்பில் இரண்டு வேலை. எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷம் நெருப்புக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், அது அரை வேலைதான் செய்கிறது என்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று இருந்தது.

எங்கள் மில்லில் கரண்ட் வருவதற்கு முந்திய காலத்து ஆவி எஞ்சின் ஒன்று பழைய சாமான் கொட்டகையில் பெருச்சாளி வளையோடு கிடந்தது. முதலாளியிடம் போய் நின்றேன்.

"என்னா தம்பி, தஞ்சாவூர் போய்ட்டு வந்து முழியே சரியில்ல?"

"முதலாளி, அந்தப் பழைய எஞ்சின ஓட விட்டா, கரண்ட் போனாலும் மில்லு நிக்காது. காயவைக்கவும் அந்த ஆவியே போதும்."

"பழைய இரும்புக்காரன் போன வாரந்தான் அதக் கேட்டுட்டுப் போனான். ஓடுமா, இல்ல என்னையத்தான் ஓட வுடுமா?"

அந்த வருஷம் மின்வெட்டு கடுமை. பகலில் பாதி நேரம் மிஷின் நின்று கிடக்கும். அதனால்தான் அவர் காது கொடுத்தார். ஒரு மாசம் பெருச்சாளியோடு பெருச்சாளியாகக் கொட்டகையில் கிடந்தேன். பழசானாலும் அழுத்தம் தாங்குகிற பாய்லர் ஒன்றும், கரண்ட் எடுக்க ஒரு டைனமோவும், சின்ன ட்ரையரும் முதலாளி வாங்கிப் போட்டார். பங்குனியில் வெள்ளோட்டம் பார்த்தோம். சம்பா நெல் மலையாகக் குவிந்திருந்த நேரம். ஒரு மூட்டை நெல்லை அவித்து, காயவைத்து, அரைக்க எவ்வளவு உமி எரிகிறது என்று பாய்லர் ரூம் சுவரில் சாக்பீஸால் எழுதி எழுதிப் பார்த்தேன். எல்லாம் போக உமி மிஞ்சியது. வருஷத்தில் பெரிய மகசூல் சம்பாதான்; பெரியதற்கே மிஞ்சுகிறது, சின்னக் குறுவைக்கு மிஞ்சாமலா போகும் என்று நினைத்தேன்.

இந்த நினைப்பில்தான் எல்லாம் கெட்டது. பங்குனி வெயிலில் களம் தோசைக்கல் மாதிரி இருக்கும். நெல்லின் ஈரத்தில் பெரும்பகுதியைக் களத்திலேயே வெயில் வாங்கிவிடும். பெண்கள் கிளறக் கிளற இன்னும் வாங்கும். என் ட்ரையர் கடைசியில் கொஞ்சம் தொட்டுவிட்டதோடு சரி. நான் சுவரில் எழுதிய கணக்கில் வெயிலும் இல்லை, அக்காவின் காலும் இல்லை. உமி, ஆவி, நெல், மூன்றை மட்டும் எழுதியிருந்தேன். வயலில் பிறந்தவனுக்கு இது தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியும். முகாமில் படித்ததை எழுதுகிறபோது தெரிந்தது ஞாபகம் வரவில்லை.

செங்கொடிச் சங்கத்துச் செயலாளர் ஒருநாள் எங்கள் தெருவுக்கு வந்தார். தோழர் என்றுதான் எல்லாரும் சொல்வோம். அக்கா வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இந்தாம்மா, பழைய ஒப்பந்தத்துல களத்து வேலைக்குத்தான் உமின்னு இருக்கு. நாளைக்கு மிஷின்ல காஞ்சிட்டா களம் ஏது? எஞ்சின் ஓட ஆரம்பிக்கிறதுக்கு முந்தி புதுசா எழுதி வாங்கிடணும். நான் வந்து பேசுறேன்."

இது முதலாளி காதுக்குப் போனது. "சங்கம் உள்ள வந்துச்சுன்னா எனக்கு எஞ்சினும் வேணாம், ஒண்ணும் வேணாம் தம்பி. பழையபடி கெடக்கட்டும்" என்று அவர் என்னிடம் சொன்னார். அன்று மாலையே அக்காவிடம் ஓடினேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தோழர வர வேணாம்னு சொல்லு."

"ஏன்டா?"

"உமி எங்கயும் போவாது. நான் கணக்கு போட்டுப் பாத்துட்டேன். எரிச்சது போவ மிஞ்சுது."

"மிஞ்சுறது மிஞ்சட்டும். எழுதிக் குடுத்தா என்னா கொறஞ்சிடும் ஒங்க முதலாளிக்கு?"

"எழுதுன்னா அவரு எஞ்சினையே வேணாங்குறாரு. உமிக்கொட்டா சாவி என் கையிலதான் இருக்கு. நான் இருக்கேன்ல? எழுத்து எதுக்கு?"

அக்கா முறத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். "ஒனக்கு அந்த எஞ்சினு மேல ஆச வந்துட்டு. பொண்ணு பாக்கப் போனப்பகூட ஒன் மூஞ்சி இப்புடி இல்ல."

மறுநாள் மற்ற பதினொரு பேரிடமும் அவளே பேசினாள். தோழரிடம், இப்போது வேண்டாம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்றாள். அவர் சைக்கிளை எடுக்கும்போது என் பக்கம் திரும்பி, "தம்பி, நீ நல்லவன்தான். நாளைக்கு அந்தச் சாவி வேற ஆளு கைக்குப் போனா?" என்று கேட்டார். நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சாவி என் கையில் இருக்கும்போதே என்ன நடக்கும் என்று அவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

எஞ்சின் ஓடியது. அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை. நடுப்பகலில் கரண்ட் போய், ரோட்டில் உள்ள மற்ற மில்லெல்லாம் ஊமையாகக் கிடக்க, எங்கள் மில் மட்டும் தடதடவென்று அரைக்கும். பேராவூரணியில் தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்த ஒருவர் வந்து அரைநாள் எஞ்சினையே சுற்றிச் சுற்றி வந்தார். எங்கே ஆவி தேவைப்படுகிறதோ அங்கே இதைச் செய்யலாம், சும்மா போகிற சூட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று வந்தவர்களுக்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்வேன். அவர்கள் கேட்டால் பஸ் ஏறிப் போயும் சொல்வேன். களத்துப் பெண்கள் எனக்கு எஞ்சினு என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

ஐப்பசி வந்தது. குறுவை அறுப்பும் மழையும் சேர்ந்து வந்தன. பத்து நாளாக வெயில் முகம் காட்டவில்லை. முன்னெல்லாம் இந்த மாதிரி நாளில் மில்லை மூடிவிடுவார்கள். இந்தத் தடவை, எங்களிடம் மிஷின் இருக்கிறது, ஈர நெல்லைக் கொண்டுவாருங்கள் என்று நாங்களே சொல்லியிருந்தோம். மாட்டு வண்டிகள் ரோட்டில் வரிசையாக நின்றன. அதில் பாதி நம் தெருக்காரர்கள் வண்டி. குத்தகை நிலத்தில் அவர்கள் தங்களுக்கென்று அறுத்த முதல் நெல். களத்தில் கணுக்கால் தண்ணீர். ஈரம் முழுவதையும் ட்ரையரே வாங்க வேண்டியிருந்தது. உமி மேடோ மழையில் நனைந்து சாணி மாதிரி கிடந்தது. அள்ளிப் போட்டால் புகைகிறதே ஒழிய எரியவில்லை. உமிக்கொட்டகைக்குள் இருந்த காய்ந்த உமி மட்டும்தான் கதி. அது நாளுக்கு நாள் இறங்கியது. சுவரில் எழுதியிருந்த கணக்கைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை முதலாளியிடம் போனேன். "இன்னிக்கு உமி குடுக்கணுமே முதலாளி."

அவர் கோபப்படவில்லை. "குடுக்கணும்னா குடு. ஆவி எறங்கி ட்ரையர் நின்னா, அந்த வண்டிக்காரங்களுக்கு நீ பதில் சொல்லிக்க. கணக்கு போட்டது நீ, வாக்கு குடுத்தது நீ, சாவியும் ஒன்கிட்டதான் கெடக்குது."

வெளியே வந்தால், வண்டிக்குப் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் ஒரு கை நெல்லை அள்ளி என் முன் நீட்டினார். நெல்லின் மூக்கில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. "யப்பா, இன்னும் ஒரு நாளு போச்சுன்னா இது வெதநெல்லுக்குக்கூட ஆவாது. ஒன்ன நம்பித்தான் ஏத்திக்கிட்டு வந்தேன்."

மூன்று மணி சுமாருக்குக் களத்துப் பெண்கள் வந்தார்கள். உமி வாங்கிப் போக வேண்டிய சாக்குகளைக் குல்லா மாதிரி மடித்துக் கொங்காணியாகத் தலையில் போட்டு மழைக்கு மறைத்துக்கொண்டு வந்தார்கள்.

"என்னா எஞ்சினு, இன்னிக்கு மூஞ்சி ஏன் அணைஞ்சு கெடக்கு?" என்றாள் ஒருத்தி. "ஈர உமியப் போட்டு ஊதுறாங்க போல" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

நான் உமிக்கொட்டகைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டேன். "இன்னிக்கு இல்ல" என்றேன்.

சிரிப்பு நின்றது. அக்கா முன்னால் வந்தாள். "அடுப்புக்குள்ள தண்ணி நிக்கிது தம்பி. வெறகு, வறட்டி எல்லாம் ஊறிப்போச்சு. இந்த மழைல பத்துறது உமி ஒண்ணுதான்."

"ஒரு வாரம் பொறுக்கா. அடுத்த சனிக்கிழம சேத்துக் குடுத்துடுறேன்."

"சேத்தா?"

"சேத்து."

அவள் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தாள். பூட்டியிருந்தது. பிறகு திரும்பி, "வாங்கடி. எந்தம்பி சொல்றான்ல" என்றாள். அவர்கள் காலிச் சாக்குகளை மறுபடி தலையில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த வாரம் ஒரு மூட்டை நெல்கூட முளைத்து வீணாகவில்லை. வண்டிக்காரர்கள் என்னைக் கும்பிட்டார்கள். அது நிஜம். அந்த நெல் வீணாகப் போயிருந்தால் நம் தெருவில் நாலு குடும்பமாவது நிலத்தை விட்டிருக்கும். ஒரே வாரம் நிறுத்தினேன், நல்லதுக்குத்தான் நிறுத்தினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமையும் மழை. அன்றும் கதவைத் திறக்கவில்லை. இந்தத் தடவை அக்காவின் கண்ணைப் பார்க்காமல் சொன்னேன். மூன்றாவது சனிக்கிழமை யாரும் வரவில்லை.

மழை நின்றது. தை மாசம் சம்பா வந்தது. வெயில் வந்தது. கொட்டகை நிரம்பி உமி வெளியே சரிந்தது. இனிமேல் கொடுத்துவிடலாம் என்று வாசலிலேயே காத்திருந்து முதலாளியைப் பிடித்தேன்.

"முதலாளி, களத்துப் பொம்பளைங்க உமி நின்னு கெடக்குது. சேத்துக் குடுத்துடலாங்களா?"

"எந்த உமி தம்பி? செங்கச் சூளைக்காரன் மொத்தமா வேணும்னு கேட்டான், பேசி முடிச்சிட்டேன்."

"அவங்களுக்கு ரெண்டு மூட்டைன்னு..."

"அது களத்து வேலைக்கு. மழைல களத்து வேலையே நடக்கலியே. இப்ப நாலு பேரு போதுங்குது களத்துக்கு. புதுசா எழுதுன பேப்பர் எதாச்சும் இருந்தா கொண்டா, குடுத்துடுறேன்." அவர் ஏமாற்றுகிற குரலில் சொல்லவில்லை. தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனார். அவர் இரண்டு மாசத்தில் தராமல் பழகிவிட்டார். பழக்கிவிட்டவன் நான்.

களத்தில் நாலு பேரை வைத்துக்கொண்டு எட்டுப் பேரை நிறுத்தினார்கள். அக்காவை நிறுத்தவில்லை, என் அக்கா என்பதால். அவள் தானாகவே நின்றுவிட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். உட்காரச் சொன்னாள்.

"வேலைக்கு வாக்கா."

"அந்த எட்டுப் பேரு மூஞ்சில முழிச்சுக்கிட்டு நான் மட்டும் எப்புடிடா கிளறுவேன்?"

"நான் வேணும்னு பண்ணலக்கா. வெயில் இல்லாம போவும்னு..."

"தெரியும். கதவ நீ தொறக்காததுகூட எனக்குப் பெருசா தெரியல. நெல்லு மொளச்சிருந்தா நம்ம ஜனந்தான் அழுதுருக்கும். நீ என்னைய வந்து கேட்டிருந்தா நானே பூட்டுன்னு சொல்லியிருப்பேன்." எழுந்து போய் அடுப்பில் டீத்தண்ணி வைத்தாள். "எழுதி வாங்க வுடல பாரு. அதாண்டா. அவளுவ ஒன்ன நம்பலடா, என்னையத்தான் நம்புனாளுவ."

டீயை ஆற்றித் தந்தாள், குடித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அவள் நாற்று நடவுக்கும் களையெடுப்புக்கும்தான் போனாள். யாருக்காகவும், எதற்காகவும் அவள் போய்ப் பேசி நான் பார்க்கவில்லை. தெருவில் ஏதாவது தகராறு என்றால் அவளைக் கூப்பிடுவதும் நின்றுபோனது.

எஞ்சின் தப்பென்று நான் எழுதவில்லை. இன்று கேட்டாலும் ஒரே நெருப்பில் இரண்டு வேலை வாங்குவதுதான் சரி என்பேன். மிச்சம் பிடிப்பது நல்ல காரியம்தான். மிச்சம் என்று நாம் நினைப்பது ஏற்கனவே யார் வீட்டு அடுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பையே நான் பார்க்கவில்லை.

மாசி மாசம் திருத்துறைப்பூண்டியில் ஒரு மில் முதலாளி என்னை வரச் சொன்னார். போனேன். வழக்கம்போல எல்லாம் சொன்னேன். ஆவி எப்படிப் போகும், எஞ்சின் எங்கே நிற்க வேண்டும் என்று படம் போட்டுக் காட்டினேன். ஐப்பசிக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள், உமிக்குப் பெரிய கொட்டகை போடுங்கள் என்றும் இந்தத் தடவை சொன்னேன். அவர் ஜன்னல் வழியாகக் களத்தைக் காட்டினார். அங்கேயும் பெண்கள் கிளறிக்கொண்டிருந்தார்கள். "இவளுவளுக்கு வாரா வாரம் உமி அழுவுறேன். அதுவும் மிச்சமாவுமா?" என்று கேட்டார். அது அவர்களுடையது, அதை எழுதிக் கொடுத்துவிட்டு எஞ்சினைத் தொடுங்கள் என்று சொல்ல வாய் வரை வந்தது. "அதெல்லாம் நீங்க பாத்துக்குங்க" என்று மட்டும் சொன்னேன். மதியச் சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாக நடந்து வரும்போது வழியில் செங்கொடி கட்டிய சங்க ஆபீஸ் இருந்தது. பூட்டியிருந்தது, ஆள் யாரும் இல்லை. சட்டைப் பையிலிருந்த நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கதவிலேயே வைத்து எழுதினேன். இன்ன மில்லில் எஞ்சின் வரப் போகிறது, களத்துப் பெண்களின் உமியை அதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிவிடுங்கள், மழை மாசத்துக்கும் சேர்த்து, யார் வாக்குக் கொடுத்தாலும் கேட்காதீர்கள் என்று எழுதினேன். என் பேரைப் போடவில்லை. நாலாக மடித்துக் கதவுக்கு அடியில் செருகினேன். குனிந்து பார்த்தேன். ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதையும் விரலால் உள்ளே தள்ளினேன்.